போர்வை சுருங்கிய பக்கம்

அலுவலகத்தில் அவளை இடைவெளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். தலைப்புக்கு மேலே ஓர் இடைவெளி, கீழே ஓர் இடைவெளி, பட்டியலுக்கு முன்னால் ஓர் இடைவெளி என்று எல்லாரிடமும் கேட்டுக் கேட்டு வாங்கியதால் வந்த பெயர். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நடுவில் ஓர் இடைவெளி விட்டு எழுதினால் பெயர் இன்னும் தெளிவாக இருக்கும் என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். சொன்னவள் சிரிக்கவில்லை. கேட்டவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அது பெரிய சலவை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனம். வீட்டில் இருக்கும் சின்ன இயந்திரங்கள் அல்ல. ஓட்டல் விரிப்புகளும் மருத்துவமனைப் படுக்கைத் துணிகளும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் சலவையகங்களில் இருக்குமே, ஓர் ஆள் உள்ளே நின்று தலை சீவிக்கொள்ளக்கூடிய இயந்திரங்கள், அவற்றுக்கு. தண்ணீர் எவ்வளவு சூடாக வேண்டும், எவ்வளவு நேரம் சுற்ற வேண்டும், எப்போது பிழிய வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்வது மென்பொருள். அந்த மென்பொருளை எப்படி இயக்குவது என்று சலவையகத்து ஆளுக்குச் சொல்வது கையேடு. கையேடு தாளில் இல்லை, இணையத்தில் இருந்தது. நிறுவனத்தில் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். தொல்லையே அதுதான்.

புரோகிராமர்களில் ஒருவர் முக்கியமான சொற்களைத் தடித்த எழுத்தில் போடுவார். அவருக்கு எல்லாச் சொல்லும் முக்கியம். இன்னொருவர் எதையும் எண் போட்டு எழுதுவார், வணக்கம் சொல்வதைக்கூட. இயந்திரத்தைப் பொருத்தப் போகும் ஆட்கள் மூச்சு விடாமல் ஒரே பத்தியாக எழுதுவார்கள். விற்பனைப் பிரிவினர் எழுதினால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஓர் ஆச்சரியக்குறி நிற்கும், கதவைத் திறக்கவும் என்ற வரிக்கும். பத்துத் தையல்காரர்கள் சேர்ந்து தைத்த சட்டை மாதிரி இருக்கும் கையேடு. அதை ஒரே கை தைத்த மாதிரி ஆக்குவதுதான் அவள் வேலை. அவள் பார்த்து, ஒப்புதல் பொத்தானை அழுத்தினால்தான் எந்தப் பக்கமும் வெளியே போகும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். திருப்பி அனுப்பும்போது கோபப்பட மாட்டாள். "தலைப்பின் கீழ் ஒரு வரி விடவும்" என்று எழுதுவாள். மறுபடி அதே தவறு வந்தால் அதே வரியை அதே சொற்களில் எழுதுவாள். புரோகிராமர்களுக்குத் திட்டு வாங்கியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

சின்ன வயசிலிருந்தே அவள் இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஒருமுறை அவள் விடைத்தாளில், "விடை தப்பு. தாள் அழகு" என்று எழுதிக் கொடுத்தார். அவள் முதல் இரண்டு சொற்களின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அதை அம்மாவிடம் காட்டினாள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு தட்டச்சுக் கடையில் வேலைக்குப் போனாள். அங்கே ஊரார் கொண்டுவந்து தரும் விண்ணப்பங்களையும் புகார்களையும் அடித்துக் கொடுப்பாள். தண்ணீர் வரவில்லை என்று நகராட்சிக்குப் புகார் எழுத வந்தவர், அடித்த தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகா இருந்தா எனக்குக் கஷ்டம்னு அவங்க நம்புவாங்களாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவளுக்கு அன்றைக்கு அர்த்தம் புரியவில்லை.

அங்கிருந்துதான் இந்த நிறுவனத்துக்கு வந்தாள். முதலில் தட்டச்சுக்கு. பிறகு, அவள் தட்டச்சு செய்த பக்கங்கள் மட்டும் பக்கம் மாதிரி இருக்கின்றன என்று யாரோ கவனித்து, கையேட்டையே அவளிடம் ஒப்படைத்தார்கள். அவள் ஒரு விதிப்புத்தகம் எழுதினாள். எச்சரிக்கை மஞ்சள் கட்டத்துக்குள் வர வேண்டும். பட்டியலில் வரும் வரிகளின் முடிவில் முற்றுப்புள்ளி கூடாது. எண்கள் இருந்தால் அட்டவணையில் போட வேண்டும். அட்டவணை என்றால் அவளுக்கு உயிர். கட்டம் கட்டமாக எல்லாம் அதது அதனதன் இடத்தில் நிற்பதைப் பார்த்தால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

அவள் கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவர். நாள் முழுக்க மற்றவர்கள் வண்டி ஓட்டப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து பழகியதால் எதற்கும் பதற்றப்பட மாட்டார். வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், "மெதுவா, மெதுவா, பயப்படாம அணைங்க" என்பார். அவர் எழுதி வைக்கும் மளிகைச் சீட்டில் கூட அவள் கை வைப்பாள். "நீ திருத்தினதுக்கு அப்புறம் கடைக்காரருக்குப் புரியுது, எனக்குத்தான் புரியல" என்பார் அவர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் நிறுவனம் இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்தது. அவர்களும் சலவை இயந்திர மென்பொருள்காரர்கள். அவர்களுக்கும் ஒரு கையேடு இருந்தது. அந்தக் கையேட்டுக்கும் ஒரு சரிபார்ப்பவர் இருந்தார்.

நெட்டையான மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா, இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும். அதைப் பார்த்ததும் அவளுக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. அது மத்தியானம் வரைதான் இருந்தது. மத்தியானம் அவருடைய விதிப்புத்தகத்தைப் படித்தாள். பட்டியலில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் முற்றுப்புள்ளி கட்டாயம் என்று எழுதியிருந்தது. அட்டவணை கூடவே கூடாது என்றும் எழுதியிருந்தது. சாயங்காலத்துக்குள் புரோகிராமர்கள் அவருக்குப் புள்ளி சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மேலாளர் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். எதையும் சுருக்கமாகக் கேட்பதில் பெயர் போனவர். பேசுகிறவர் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கினால் கடிகாரத்தைப் பார்ப்பார்.

"ரெண்டு புத்தகம், ரெண்டு ஆளு. இது சரிப்படாது. வருஷக் கடைசியில ஒரு புத்தகம், ஒரு ஆளுதான் இருக்கணும். யாரோட பக்கங்கள் நல்லா இருக்கோ அவங்களுக்கு இந்த வேலை, இந்தச் சீட்டு. இன்னொருத்தரை வேற எங்கயாவது போட்டுக்கலாம்."

"வேற எங்க சார்?" என்று கேட்டாள் அவள்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மேலாளர். இந்த வேலையைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தெரியாது. இந்த வேலையும் வேறெங்கும் இருப்பதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

வெளியே வந்ததும் தேநீர் இயந்திரத்தின் முன்னால் இருவரும் நின்றார்கள்.

"உங்க புத்தகத்தைப் படிச்சேன் மேடம். நல்லா இருக்கு. ஆனா அட்டவணை போன்ல வராது. பாதி வெளிய போயிடும். சலவையகத்துல எல்லாரும் போன்லதான் பாக்கறாங்க."

"பட்டியலா போட்டா ஒண்ணையொண்ணு ஒப்பிட்டுப் பாக்க முடியாது சார். விரலை வெச்சுக்கிட்டு மேலயும் கீழயும் ஓடணும்."

"ஓடட்டுமே. விரலுக்கு நல்லது."

"ஈரக் கையில ஓடுவாங்களா?"

"அதுக்குத்தான் வரிக்கு வரி முற்றுப்புள்ளி. எங்க நிக்கணும்னு தெரியும்."

அவள் தேநீரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கே சண்டை தொடங்கியது. ஆனால் அதைச் சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு சத்தம் இல்லை.

கையேட்டில் எல்லாரும் அதிகமாகப் பார்க்கும் பக்கம் ஒன்று உண்டு. எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு என்று தலைப்பு. பருத்தி விரிப்பு என்றால் தொண்ணூறு டிகிரி வரை கொதிக்க விடலாம், கம்பளி என்றால் முப்பதைத் தாண்டக் கூடாது என்பதுபோல, சூடு, நேரம், சுற்றும் வேகம் எல்லாம் அதில் இருக்கும். அவள் அதை அட்டவணையாக வைத்திருந்தாள். புள்ளி சார் ஒருநாள் காலையில் அதைப் பட்டியலாக மாற்றி, வரிக்கு வரி முற்றுப்புள்ளி வைத்து, ஒப்புதல் பொத்தானையும் தானே அழுத்தினார். மற்றவர்கள் எழுதினால் இவர்கள் சரிபார்ப்பார்கள். இவர்களைச் சரிபார்க்க ஆள் கிடையாது. அவள் சாயங்காலத்துக்குள் அதை மறுபடி அட்டவணை ஆக்கினாள். மறுநாள் அது பட்டியல். அதற்கடுத்த நாள் அட்டவணை, இந்த முறை தலைப்பின் மேலும் கீழும் இன்னும் தாராளமான இடைவெளியோடு.

புரோகிராமர்கள் காலையில் வந்ததும் மழை வருமா என்று பார்ப்பதைப்போல அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள்.

"இன்னைக்கு என்னடா, டேபிளா லிஸ்ட்டா?"

"டேபிள். ஆனா மத்தியானத்துக்கு மேல மாற வாய்ப்பு இருக்கு."

இத்தனைக்கும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். அவள் வரும்போது அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு இருவரும் தங்கள் இடத்துக்குப் போய் உட்கார்ந்து மற்றவர் செய்ததை அழிப்பார்கள்.

ஒரு நாள் மத்தியானம் அவள் அட்டவணையைத் திருப்பிக் கொண்டுவந்தபோது ஒரு குறை கண்ணில் பட்டது. வலது பக்கத்து நெடுவரிசையின் தலைப்பு, கம்பளிப் போர்வைகளும் கம்பளி ஆடைகளும் என்று நீளமாக இருந்தது. அது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அகலமானது இடது பக்கம் இருந்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. மாற்றிப் போட்டாள். உண்மையாகவே நன்றாக இருந்தது. பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருக்கும் தொலைபேசிப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினாள். வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் பதில் சொல்வது அந்தப் பெண்ணின் வேலை. காதில் எப்போதும் ஒரு கருவி மாட்டியிருக்கும்.

"பாரேன், இப்போ எப்படி இருக்கு?"

"அழகா இருக்குக்கா. முன்னாடி எப்படி இருந்துச்சு?"

"வேண்டாம், அதை ஏன் கேக்கற."

அடுத்த நாள் புள்ளி சார் வழக்கம்போல அதைப் பட்டியலாக மாற்றினார். அதன்பிறகு அவளுக்கு வேறு பக்கங்களில் வேலை வந்துவிட்டதால் அந்தப் பக்கம் கொஞ்ச நாள் பட்டியலாகவே இருந்தது.

அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது. தொலைபேசிப் பெண் முதலில் தலையசைத்துக் கேட்டாள். பிறகு தலையசைப்பது நின்றது. பிறகு கையைத் தூக்கி மேலாளர் அறையைப் பார்த்து ஆட்டினாள். மேலாளர் வந்ததும் பேச்சை எல்லாரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டாள். பேசியவர் புதிதாகத் தொடங்கிய ஒரு சலவையகத்தின் முதலாளி.

"ஓட்டல் போர்வைங்க. நல்ல கம்பளி. உள்ள போகும்போது போர்வை. வெளிய வரும்போது தலைகாணி உறை சைஸுக்கு வந்திருக்கு. கையில பிடிச்சா அட்டை மாதிரி நிக்குது."

"எத்தனை டிகிரியில போட்டீங்க சார்?" என்று கேட்டாள் தொலைபேசிப் பெண்.

"நீங்க சொன்ன டிகிரியிலதான். தொண்ணூறு. உங்க பக்கத்துல இருக்கே. கம்பளி, தொண்ணூறு, புள்ளி. பருத்தி, முப்பது, புள்ளி."

அலுவலகமே அந்தப் பக்கத்தைத் திறந்தது. அப்படித்தான் இருந்தது.

"கம்பளியைக் கொதிக்க வைக்கக் கூடாதுன்னு..." என்று தொடங்கினார் மேலாளர்.

"எங்க ஆளும் அதைத்தான் கேட்டான். தப்பா இருக்கும்போல இருக்கேன்னான். நான்தான் சொன்னேன், டேய், இந்தப் பக்கத்தைப் பாரு, எவ்வளவு நீட்டா இருக்கு, ஒரு புள்ளி விடாம வெச்சிருக்காங்க, இவங்களா தப்பா எழுதுவாங்க, போடுன்னு."

மேலாளர் அந்தப் பக்கத்தை அன்றைக்கே இணையத்திலிருந்து எடுக்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அந்தச் சலவையகம் சுருங்கிய போர்வைகளில் சிலவற்றை ஒரு பெட்டியில் போட்டு அனுப்பியது. மேலாளர் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். விரிக்க அதிகம் இல்லை.

"யாரு இதை மாத்தினது? சுருக்கமா சொல்லுங்க."

புரோகிராமர்களில் ஒருவர் ஒப்பீட்டுத் திரையைத் திறந்தார். ஒரு பக்கத்தின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் திரை அது. நீக்கியது சிவப்பாகத் தெரியும், சேர்த்தது பச்சையாகத் தெரியும். ஒரே ஓர் எண் மாறியிருந்தால் அந்த எண் மட்டும் நிறம் மாறிப் பளிச்சென்று தெரியும். ஆனால் இங்கே அட்டவணை முழுவதும் பட்டியலாகவும் பட்டியல் முழுவதும் அட்டவணையாகவும் மாறி மாறி வந்திருந்ததால் ஒவ்வொரு திரையிலும் இடது பக்கம் முழுச் சிவப்பு, வலது பக்கம் முழுப் பச்சை. எந்த எண் எப்போது எங்கே போனது என்று ஒருவருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"இதென்ன, பக்கமா இல்ல கொடியா?" என்றார் மேலாளர். "கடைசியா கை வெச்சது யாரு?"

"நான்தான் சார்" என்றார் புள்ளி சார். "ஆனா நான் எண்ணைத் தொடலை."

"நீங்க தொட்ட பக்கத்துல எண் மாறியிருக்கு."

"தொடலை சார்" என்றார் அவர் மறுபடியும். அவ்வளவுதான் சொன்னார். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கூட்டம் கலைந்ததும் புரோகிராமர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். இத்தனை வருடம் திருப்பி அனுப்பி அனுப்பி அவள் அவர்களைப் படுத்திய பாட்டையெல்லாம் அந்த நிமிடத்தில் மறந்துவிட்டார்கள். "சீட்டு உங்களுக்குத்தான் அக்கா" என்றார் ஒருவர். "நம்ம ஆளு நம்ம ஆளுதான்" என்றார் இன்னொருவர். தொலைபேசிப் பெண் மட்டும், "அந்த டேபிள் அழகா இருந்துச்சேக்கா, அதையே விட்டிருந்தா இப்படி ஆகியிருக்காது" என்றாள்.

அவள் அப்போதுதான் அந்த மத்தியானத்தை நினைத்துப் பார்த்தாள். நெடுவரிசையை இடது பக்கம் மாற்றினாள், சரி. தலைப்பை மாற்றினாள், அதுவும் ஞாபகம் இருக்கிறது. தலைப்பின் கீழே இருந்த எண்களையும் மாற்றினாளா?

அவள் தன் இடத்துக்குப் போய் ஒப்பீட்டுத் திரையைத் திறந்தாள். மற்றவர்களுக்குச் சிவப்பும் பச்சையுமாகத் தெரிந்தது அவளுக்குப் பக்கமாகத் தெரிந்தது, பழக்கம். தலைப்புகள் இடம் மாறியிருந்தன. எண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. கம்பளியின் கீழே தொண்ணூறு. புள்ளி சார் அவள் எழுதி வைத்ததை அப்படியே, ஓர் எண் பிசகாமல், பட்டியலாக எடுத்து எழுதியிருந்தார். முற்றுப்புள்ளிகள் மட்டும்தான் அவருடையவை.

சாயங்காலம் கணவர் பயிற்சி வண்டியோடு வந்தார். வழியில் அவளையும் ஏற்றிக்கொள்வது வழக்கம். ஓட்டியவர் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். சைக்கிளிலேயே காலம் தள்ளியவர், இப்போது கார் ஓட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று கற்றுக்கொண்டிருந்தார். அவள் பின்னால் உட்கார்ந்து மடியில் ஒரு சுருங்கிய போர்வையை வைத்திருந்தாள். அதை ஏன் எடுத்து வந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

தபால்காரர் ஒரு வளைவில் திருப்பிக்கொண்டே கியரையும் மாற்றினார். வண்டி முக்கியது, குலுங்கியது, நின்றது.

"ஐயா, மாத்திட்டுத் திருப்புங்க, இல்ல திருப்பிட்டு மாத்துங்க" என்றார் கணவர், யாரோ நேரம் கேட்டதுபோல. "ரெண்டையும் ஒண்ணா பண்ணினா எதனால நின்னுச்சுன்னு வண்டிக்கே தெரியாது."

வண்டி மறுபடி கிளம்பியது. அவள் பின்னாலிருந்து சொன்னாள்:

"என்னங்க, அந்தப் போர்வையைச் சுருக்கினது நான்தான்."

கணவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"அந்தத் திரையைப் படிக்கத் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. நானும் அவரும்."

"அவரு பாத்திருப்பாரா?"

"பாத்திருந்தா சும்மா இருப்பாரா? அவர் சீட்டு போகுதே."

"அப்போ நீ சும்மா இருந்தா?"

"சீட்டு எனக்கு. அவரு எங்க போவாருன்னு தெரியாது. சொன்னா நான் எங்க போவேன்னு தெரியாது."

வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது.

"அம்மா, நான் வேணா ஓரமா நிறுத்தட்டுமா?" என்று கேட்டார் தபால்காரர்.

"நீங்க ஓட்டுங்கய்யா. ரோட்டைப் பாருங்க" என்றார் கணவர். பிறகு அவளிடம், "நீ கணக்கு வாத்தியார் விஷயத்தை எங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்க? கட்டைவிரலை வெச்சு மறைச்சேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பியே."

"ஆமா."

"இது பெரிய தாளு. கட்டைவிரல் பத்தாது."

அவள் வீடு வரும்வரை போர்வையின் ஓரத்தை நேராக்கிக்கொண்டே வந்தாள். அது நேராகவில்லை.

மறுநாள் காலையில் அவள் மேலாளருக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தாள். நடந்தது என்ன என்று தலைப்பு வைத்தாள். தலைப்பின் கீழ் ஒரு வரி விட்டாள். அதற்குமேல் ஓடவில்லை. தன் தவறை மஞ்சள் கட்டத்தில் போடுவதா, சாதாரணப் பத்தியாக எழுதுவதா என்று அவளுடைய விதிப்புத்தகத்தில் இல்லை. பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது.

"உங்க அட்டவணைதான் மேடம்" என்றார் புள்ளி சார். கையில் தேநீர்க் கோப்பை.

"தெரியும் சார்."

"நேத்தே பாத்துட்டேன். ஒவ்வொரு வரியா வெச்சுப் பாத்தேன். தலைப்பு மட்டும் நகர்ந்திருக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "பாத்துட்டு ஏன் சொல்லலை?"

"நான் சொன்னா சீட்டுக்காக அடிச்சுக்கறான்னு நினைப்பாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க." ஒரு வாய் தேநீர் குடித்தார். "நாளைக்கு வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன். அப்புறமும் நீங்க சொல்லலைன்னா நானே சொல்லிடலாம்னு."

"நல்லவேளை."

"யாருக்கு?"

அவள் திரையைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பினாள்.

"என் தப்பை மஞ்சள் கட்டத்துல போடலாமா?"

"அது எச்சரிக்கைக்கு. நடந்து முடிஞ்சதை எச்சரிக்க முடியாது. பத்தியா எழுதுங்க."

"எந்தெந்த எண் மாறிச்சுன்னு ஒரு சின்ன அட்டவணை?"

"வேண்டாம் மேடம்" என்றார் அவர், கெஞ்சுகிற குரலில். "இன்னைக்கு மட்டுமாவது வேண்டாம்."

பத்தியாகவே எழுதினாள். தலைப்பை மாற்றியது தான், எண்ணை மாற்றாமல் விட்டது தான், தன் மாற்றத்துக்குத் தானே ஒப்புதல் கொடுத்ததும் தான் என்று எழுதினாள். அவர் எழுதியது அவள் எழுதியதன் நேர்ப் பிரதி என்றும் எழுதினாள். பூசி மெழுக ஒன்றும் இல்லை. பிறகு, இனி இப்படி நடக்காமல் இருக்க என்று இன்னொரு தலைப்பு வைத்து, அதன்கீழ் இரண்டு வரி எழுதினாள். பக்கத்தின் தோற்றத்தை மாற்றும்போது அதில் உள்ள விஷயத்தைத் தொடக் கூடாது, விஷயத்தை மாற்றும்போது தோற்றத்தைத் தொடக் கூடாது. தன் மாற்றத்துக்குத் தானே ஒப்புதல் கொடுக்கக் கூடாது.

அவர் குனிந்து படித்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"கடைசி வரியில முற்றுப்புள்ளி இல்லை."

"அது பட்டியல் வரி சார்."

"அதனாலதான் சொல்றேன்."

அவள் வைக்கவில்லை. அப்படியே அனுப்பினாள். அவளுடைய விதிப்புத்தகம் இன்னும் உயிரோடு இருந்த கடைசிக் காலை அது.

மேலாளர் படித்தார். சுருக்கமாகத்தான் கேட்டார்.

"அப்போ நீங்களா?"

"ஆமா சார்."

"அவரு இல்லையா?"

"இல்ல சார்."

மேலாளர் கொஞ்ச நேரம் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம். "இதை நீங்களே வந்து சொன்னது நல்ல விஷயம்தான். ஆனா ஓட்டல்காரருக்கு நான் என்ன சொல்றது, நல்ல மனசோட சுருக்கினாங்கன்னா?" என்றார்.

சரிபார்ப்புச் சீட்டு புள்ளி சாருக்குப் போனது. எண்களைச் சரிசெய்து, கம்பளியைப் பழையபடி கடைசியில் வைத்து, அந்தப் பக்கத்தை அவர் மறுபடி வெளியே விட்டார். அவளைத் தொலைபேசிப் பெண்ணின் பக்கத்து நாற்காலிக்கு மாற்றினார்கள். அதுதான் அந்த வேற எங்கயாவது. அவளுடைய இரண்டு வரிகளையும் புள்ளி சார் புதிய விதிப்புத்தகத்தில் முதல் விதிகளாகப் போட்டார். புள்ளி வைத்துத்தான். அவள் மாற்றத்தை அவர் பார்த்தால், அவர் மாற்றத்தை யார் பார்ப்பது என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கு மட்டும் அவள் என்றார்கள். சம்பளம் கூடவில்லை.

வீட்டில் அந்த முதல் விதியைச் சொன்னபோது கணவர், "இதைத்தான் நான் தினமும் எல்லாருக்கும் சொல்றேன்" என்றார்.

"எங்கிட்ட சொல்லலையே."

"நீ வண்டி ஓட்டக் கத்துக்கலையே."

தொலைபேசி வேலை அவள் நினைத்ததைப் போல இல்லை. முதல் வாரம் காது வலித்தது. பேசுகிறவர்கள் பத்தி பிரித்துப் பேசுவதில்லை. பின்னால் இயந்திரங்கள் இரைய, ஈரக் கையில் போனைப் பிடித்துக்கொண்டு, நடுவில் இன்னொருவரைத் திட்டிக்கொண்டு, கேள்வியைக் கடைசியில் கேட்பார்கள். கையேட்டை அவள் எத்தனையோ முறை படித்திருக்கிறாள். படிப்பவர்களை இப்போதுதான் முதல்முறை கேட்டாள்.

"ஹலோ, கம்பளிக்கு எவ்வளவுங்க? பக்கத்துல தேடறேன், கீழ போயிட்டே இருக்கு."

"முப்பதுங்க. அதுக்கு மேல வேண்டாம்."

"கண்டிப்பா முப்பதா?"

"எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்கும் தெரியாதுங்க. முப்பது."

அடுத்த அழைப்பும் கம்பளிதான். அதற்கடுத்ததும். பருத்தியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சந்தேகம் வருவது கம்பளியில்தான். பட்டியலில் அதுவோ கடைசியில் கிடந்தது. அவள் பக்கத்தைத் திறந்தாள். கம்பளி வரியைக் கடைசியிலிருந்து எடுத்து முதலில் வைத்தாள். தலைப்புக்கு மேலே இடைவெளி போதாமல் இருந்தது. கை அரித்தது. அதைத் தொடவில்லை. விஷயத்தை மாற்றும் நாளில் தோற்றம் கிடையாது. எண்களைச் சலவையகத்துக்காரருக்குப் படித்துக் காட்டுவதைப்போல வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு ஒப்புதலுக்கு அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வந்தது. "மாற்றம் நன்று. வரியை நகர்த்தும்போது முற்றுப்புள்ளி விடுபட்டுள்ளது. சேர்க்கவும்." என்று எழுதியிருந்தது.

தொலைபேசிப் பெண் எட்டிப் பார்த்தாள். "வெச்சிடுவீங்களாக்கா?"

அவள் அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை, திட்டு இல்லை. இத்தனை வருடம் புரோகிராமர்கள் எப்படித் தாங்கினார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

வைத்தாள். அடுத்த அழைப்பு வந்தது. காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாள். புது நாற்காலியின் இருக்கை கடினமாக இருக்கிறது என்று வீட்டிலிருந்து அந்தப் போர்வையை எடுத்து வந்து மேலே போட்டிருந்தாள். ஓரம் மட்டும் கொஞ்சம் கோணல். மற்றபடி நாற்காலிக்கு அளவாக இருந்தது.